தேர்வடமும் முத்துக்கயிறும்

ஒரு நகரத்தின் வரலாற்றை அறிய விழைவோர் அதன் கோட்டையையும் கல்வெட்டையும் தேடுவர். அந்நகரின் திருவிழாவையும் ஆராய்தல் வேண்டும் என்பது என் கருத்து.

ஜெர்மனியின் மியூனிக் மாநகரில் ஆண்டுதோறும் நடைபெறும் அக்டோபர் விழாவிற்கு உலகெங்குமிருந்து மக்கள் செல்கின்றனர். பீர் அருந்துவதும் ஊரைச் சுற்றிப் பார்ப்பதுமே பலர்தம் நோக்கம். 1810ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் நிகழ்ந்த பவேரிய இளவரசர் லுட்விக்கின் திருமணத்தையொட்டி, நகர மக்களுக்காக நடத்திய கொண்டாட்டமும் குதிரைப் பந்தயமுமே அதன் தொடக்கம் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1806இல், நம் தூத்துக்குடியில் பனிமய மாதாவின் தங்கத்தேர் முதன்முறையாக வீதியுலா வந்தது. பரதவர் தலைவர் தொன் கபிரியேல் தெ குரூஸ் முன்னின்று செய்வித்த தேர் அது. ஆண்டுவிழா ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5இல் நிறைவெய்தும். தங்கத்தேரோ சிறப்பான சில ஆண்டுகளில் மட்டுமே புறப்படும்.

2023ஆம் ஆண்டு 16ஆம் முறையாக அத்தேர் ஓடியது. அதனைக் காண முத்துநகர் விரைவு வண்டியில் சென்னையிலிருந்து வந்த என் பேரன், "தாத்தா, முத்துநகர் என்கிறீர்களே, இவ்வூர்க் கடலில் எடுத்த முத்து எங்கே?" என்று கேட்டான். முப்பதாண்டுகள் வரலாறு கற்பித்த எனக்கு உடனே விடை எழவில்லை.

முத்துக் குளிப்போர் காலிலே கல்லைக் கட்டிக்கொண்டு கடலடியில் இறங்குவர். படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருப்பவரின் உயிர் மேலே இருப்பவரின் கையில். 1955 முதல் 1961 வரை நடைபெற்ற குளிப்புகளே இறுதியானவை. பின்னர்ப் பார்களில் சிப்பிகள் அருகிப்போயின. கயிறுகளுக்கும் வேலை இல்லாது போயிற்று.

1658இல் டச்சுக்காரர் இத்துறைமுகத்தைக் கைப்பற்றினர். அவர்கள் வேறு கிறிஸ்தவப் பிரிவினர். ஆயினும், அவர்தம் ஆட்சிக் காலத்திலேயே, 1713இல், இன்றுள்ள பனிமய மாதா ஆலயம் எழுந்தது. ஆட்சிகள் மாறின; கடல்தொழிலும் மாறிற்று; ஆயின் மக்கள் ஒருவரையொருவர் கைவிடவில்லை.

தேர் அசைந்தது. நான் பேரனின் கையை எடுத்து வடத்தின்மேல் வைத்தேன். "முத்தெடுத்தவர்களின் கொள்ளுப்பேரர்கள் உன் அருகில் நின்று இழுக்கிறார்கள். அவர்களிடம் கேள்" என்றேன்.

அவன் கேட்டான். நீங்களும் உங்கள் ஊர்த் திருவிழாவில், முதியவர் ஒருவரை அணுகிக் கேளுங்கள். அவர் மறைந்தபின் அவ்விடை எந்த நூலிலும் கிட்டாது போகலாம்.