நத்தையும் குன்றும்

'கேஸ் போட்டுடுவேன்' என்று நம்மாட்கள் கோபத்தில் சொல்லும்போது போலீஸ், ஜெயில் எல்லாம் சேர்ந்தே மனத்தில் ஓடும். சட்டத்தில் அவை வேறு. குற்றவியல் வழக்கை அரசு நடத்துகிறது, முடிவில் தண்டனை. சிவில் வழக்கைப் பாதிக்கப்பட்டவரே நடத்துகிறார். முடிவில் பெரும்பாலும் இழப்பீடு. ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், ஒருவர் செய்த தீங்குக்கு இன்னொருவர் ஈடு கேட்க வழிசெய்வது தீங்கியல் சட்டம். அதில் கவனக்குறைவு வழக்குகளின் நவீன வரலாறு ஒரு நத்தையிலிருந்து தொடங்குவது எனக்கு இன்றும் வியப்புதான்.

1928 ஆகஸ்ட். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஒரு கஃபே. மே டோனஹியூ என்ற கடை ஊழியருக்குத் தோழி ஒருவர் ஜிஞ்சர் பீர் வாங்கித் தருகிறார். பாதி குடித்தபின் மிச்சத்தை ஊற்றியபோது அழுகிய நத்தை விழுந்தது, அதனால் நோயுற்றேன் என்பது டோனஹியூவின் புகார். இருண்ட நிற பாட்டில். உள்ளே இருப்பது தெரியாது. காசு கொடுத்தது தோழி. ஆகவே கடைக்காரரோடும் டோனஹியூவுக்கு ஒப்பந்தம் இல்லை, பானம் தயாரித்த ஸ்டீவன்சனோடும் இல்லை. அன்றைய சட்டப்படி கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

தன்னை ஏழை என்று அறிவித்து அவர் பிரபுக்கள் சபைவரை போனார். 1932-இல் ஐந்து நீதிபதிகளில் மூவர் அவர் பக்கம் நின்றார்கள். அவர்களில் ஒருவரான அட்கின், அயலான் யார் என்ற விவிலியக் கேள்வியைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார். என் செயலால் பாதிக்கப்படலாம் என்று நான் நியாயமாக முன்னுணரக்கூடியவர் என் அயலார். அவர்மேல் எனக்குக் கவனக் கடமை உண்டு. வாதி காட்ட வேண்டியது மூன்று: கடமை இருந்தது, மீறப்பட்டது, அதனால் இழப்பு வந்தது. நத்தை நிஜமாகவே இருந்ததா என்று கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை. வழக்கு சமரசத்தில் முடிந்தது.

அந்த நத்தை நம்ம ஊருக்கும் வந்து சேர்ந்தது. 1956 சிவில் சட்டத்தின்வழி இங்கிலாந்தின் பொதுச்சட்டம் இங்கே செல்லுபடியானது. அயலார் கொள்கைக்கு இங்கு வந்த பெரிய சோதனை ஹைலண்ட் டவர்ஸ்.

1993 டிசம்பர் 11. உலு கிள்ளானில் தொடர்மழைக்குப் பிறகு பின்புறக் குன்று சரிந்து, மூன்று அடுக்குமாடிகளில் ஒன்று சாய்ந்தது. 48 பேர் இறந்தார்கள். மற்ற இரண்டு கட்டடங்களையும் விட்டு வெளியேற வேண்டியிருந்தவர்களில் 73 பேர் வழக்குத் தொடுத்தார்கள். 2000-இல் உயர்நீதிமன்றம் மேம்பாட்டாளர், கட்டட வரைவாளர், பொறியியலாளர், பக்கத்து நிலக்காரர் என்று பொறுப்பைப் பிரித்தது. அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்கு 15 விழுக்காடு.

2006-இல் கூட்டரசு நீதிமன்றம் அந்தப் பதினைந்தையும் நீக்கியது. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95(2) பிரிவு உள்ளாட்சிக்குப் பாதுகாப்பு தருகிறது என்றது. கட்டடம் சாய்ந்த பிறகு செய்யாமல் விட்டதற்கும் பொறுப்பில்லை. கழகத்தின் பணம் எல்லாருக்குமான அடிப்படைச் சேவைகளுக்கே முதலில் போக வேண்டும் என்பது வாதம்.

அந்த வாதத்தை என்னால் முழுக்கத் தள்ளிவிட முடியவில்லை. ஆனாலும் உறுத்துகிறது. மூடிய பாட்டிலுக்குள் கிடந்ததற்கு முகம் தெரியாத தயாரிப்பாளர் பதில் சொல்ல வேண்டும். வரைபடத்தைப் பார்த்து ஒப்புதல் தரும் உள்ளாட்சி சொல்ல வேண்டியதில்லையா?

95(2) நாடாளுமன்றம் எழுதியது. மாற்றுவதென்றாலும் அங்கேதான் மாற்ற முடியும். மலைச்சரிவில் வீடு பார்க்கப் போகிறவர்கள், விலைப்பட்டியலோடு அந்த ஒரு பிரிவையும் படிச்சுட்டுப் போங்க.