நாய் உண்ணி: மரபணுவழி இனங்காணல்

வீட்டு நாய்களின் காதுமடலிலும் விரலிடுக்கிலும் ஒட்டி இரத்தம் குடிக்கும் உண்ணி எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதை அதன் டி.என்.ஏ.வைக் கொண்டு முடிவுசெய்யும் முறை. 1990களில் வேர்விட்டது. இதன் வரலாற்றில் பெரும்பகுதி ஒரே உயிரியைச் சுற்றி நடக்கிறது. அது ரிப்பிசெஃபாலஸ் சாங்குனியஸ் என்ற பெயரில் உலகெங்கும் அறியப்பட்ட பழுப்பு நாய் உண்ணி. அந்த ஒரு பெயருக்குள் பல இனங்கள் அடங்கியிருப்பதை மரபணு ஆய்வு காட்டியது. ஆனால் பழைய பெயர் அவற்றில் எதற்கு உரியது என்று அதனால் சொல்ல முடியவில்லை. அதை முடிவுசெய்ய அறிஞர்கள் இருநூறு ஆண்டுப் பழைய நூல்களைப் புரட்ட வேண்டியிருந்தது.

முட்டையிலிருந்து வரும் ஆறுகால் குஞ்சு, எட்டுக்கால் இளநிலை, முதிர்நிலை ஆகிய மூன்று கட்டங்களிலும் இவ்வுண்ணி பெரும்பாலும் நாயையே நாடுகிறது. ஒவ்வொரு முறை வயிறு நிறைந்ததும் கீழே உதிர்ந்து, சுவர் வெடிப்பிலோ நாய்க்கூண்டின் மூலையிலோ ஒளிந்து தோலுரிக்கிறது. பெண் உண்ணி ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். காட்டையும் புல்வெளியையும் நம்பாமல் வீட்டுக்குள்ளேயே வாழ்நாளை முடித்துக்கொள்வதால், நாய் சென்ற இடமெல்லாம் இதுவும் சென்று குடியேறியது.

உருவத்தை வைத்து இதை அடையாளம் காண்பது நூல்களில் படிக்கும்போது எளிதாகத் தோன்றும். தலையடியின் அறுகோண வடிவம், வண்ணக்கோலமற்ற முதுகுத் தகடு, மூச்சுத்துளையைச் சூழ்ந்த தகட்டின் வால் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்வார்கள். நல்ல நிலையில் உள்ள ஆண் உண்ணி கிடைத்தால் இது பலிக்கும். மருத்துவரிடம் வருவதோ பெரும்பாலும் இரத்தம் குடித்து ஆமணக்குக்கொட்டை போல் உப்பிய பெண்ணோ, இழுத்துப் பிடுங்கியதில் வாயுறுப்பு நாயின் தோலிலேயே தங்கிவிட்ட உடலோதான். குஞ்சுகளையும் இளநிலைகளையும் கண்ணால் பிரிப்பது தேர்ந்தவர்களுக்கே கடினம்.

இவ்வுண்ணிக்குப் பெயர் சூட்டியவர் பிரான்சின் பியேர் ஆந்த்ரே லத்ரேய். 1806இல் அவர் எழுதிய வருணனை சில வரிகளே கொண்டது. அதே பேரினத்தின் வேறு பல உண்ணிகளுக்கும் பொருந்தக்கூடியது. அவர் பார்த்த உயிரி எதுவும் பாதுகாக்கப்பட்டு எஞ்சவில்லை. அவர் இட்ட பேரினப் பெயர் இக்சோடஸ். ரிப்பிசெஃபாலஸ் என்ற தனிப் பேரினத்தை 1844இல் கோக் உருவாக்கினார். இதற்கிடையே நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்புடன் சென்ற அறிஞர் சாவிஞி அங்கே கிடைத்த உயிரிகளை வியக்கத்தக்க நுணுக்கத்துடன் வரையச் செய்திருந்தார். அவருடைய கண்பார்வை கெட்டுப்போகவே, அந்தப் படங்களுக்கு விளக்கம் எழுதும் வேலை ஔதுவானிடம் போனது. படங்களில் இருந்த ஓர் உண்ணிக்கு 1826இல் லின்னேயஸின் நினைவாக ‘லின்னேயி’ என்று அவர் பெயரிட்டார். பின்னர் அது சாங்குனியஸின் மறுபெயர் என்று ஒதுக்கப்பட்டு, ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் பயன்பாடின்றிக் கிடந்தது.

நோய் பரப்பும் உயிரியாக நாய் உண்ணி கவனம் பெற்றதில் சென்னைக்கும் பங்குண்டு. தென்னாப்பிரிக்காவில் லவுன்ஸ்பரி 1901இல் நாய்களின் பபீசியா காய்ச்சலை வேறொரு பேரினத்து உண்ணி பரப்புவதைக் காட்டியிருந்தார். கிண்டி கிங் நிலையத்தில் பணியாற்றிய கிறிஸ்டோபர்ஸ், இந்திய நாய்களின் பபீசியா பழுப்பு உண்ணிக்குள் வளர்வதை ஆராய்ந்து 1907இல் வெளியிட்டார். 1910இல் பேட்டன், ‘மெட்ராஸ் ஹன்ட்’ என்ற ஆங்கிலேயர் வேட்டைக் குழுவின் நாய்களுடைய இரத்தத்தில் புதிய ஒட்டுண்ணி ஒன்றைக் கண்டார். அதுவே இன்றளவும் நாய் மருத்துவர்களைப் பாடாய்ப்படுத்தும் பபீசியா கிப்சோனி. ஆப்பிரிக்காவில் ஓர் உண்ணி, இந்தியாவில் வேறோர் உண்ணி, ஐரோப்பாவில் மூன்றாவது ஒன்று என ஒரே நோய்க்கு மூன்று கடத்திகள் இருந்த புதிர் 1989 வரை நீடித்தது. அவ்வாண்டு ஊலன்பெர்க் குழுவினர் அந்நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியான பபீசியா கேனிஸை மூன்று பிரிவாக்கினர். பின்னாளில் அம்மூன்றும் தனி இனங்களாயின. ஒட்டுண்ணியில் அவிழ்ந்த இந்த முடிச்சு அதைச் சுமக்கும் உண்ணியில் அவிழ மேலும் பல ஆண்டுகள் ஆயின.

1994இல் பிளாக், பீஸ்மன் இருவரும் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள 16எஸ் ரைபோசோம் மரபணுவின் ஒரு துண்டைக் கொண்டு உண்ணிகளின் உறவுமுறையை வரைந்தனர். ஏறத்தாழ 460 எழுத்துகள் நீளமுள்ள அத்துண்டு பின்னாளில் உண்ணி ஆய்வகங்களின் அன்றாடக் கருவியானது. அதனுடன் 12எஸ் மரபணுவும் சி.ஓ.எக்ஸ்.1 என்னும் மரபணுவும் சேர்ந்தன.

முறை இதுதான்: உண்ணியை எரிசாராயத்தில் பாதுகாத்து, ஒன்றிரண்டு கால்களை மட்டும் வெட்டி எடுப்பார்கள். வயிற்றில் இருப்பது நாயின் இரத்தம் என்பதால் முழு உடலை அரைத்தால் நாயின் டி.என்.ஏ.வும் சேர்ந்துவிடும். உடல் அப்படியே மிஞ்சுவது இன்னொரு நன்மை. பிறகு உருவத்தோடு ஒப்பிடலாம். பிரித்த டி.என்.ஏ.விலிருந்து வேண்டிய துண்டை மட்டும் பி.சி.ஆர். முறையில் பெருக்கி, எழுத்துவரிசையைப் படித்து, பொதுத் தரவுத்தளங்களில் உள்ளவற்றோடு ஒப்பிடுவார்கள். மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே இறங்குவதால் இரு இனங்கள் கலந்து பிறந்த உண்ணியை இது காட்டிக்கொடுக்காது. அந்தக் குறையை ஈடுசெய்ய உட்கரு மரபணுக்களையும் பார்க்க வேண்டும்.

2005இல் பிரேசில் உண்ணிகளையும் அர்ஜென்டினா உண்ணிகளையும் ஆய்வகத்தில் கலப்பு செய்தபோது பிறந்த தலைமுறை மலடாயிற்று. இரண்டும் ஓரினம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 16எஸ் வரிசைகளும் அதையே கூறின. வெவ்வேறு நாட்டு மாதிரிகளை ஒப்பிட்டபோது வெப்பமண்டலக் கிளை, மிதவெப்பக் கிளை என இரு பெருங்கிளைகள் தெரிந்தன. ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸுக்கு மேலுள்ள இடங்களில் முன்னது, அதற்குக் கீழுள்ள இடங்களில் பின்னது என்று எல்லையும் தோராயமாக அமைந்தது. இந்திய நாய்களில் காணப்படுவது வெப்பமண்டலக் கிளை.

இனி சாங்குனியஸ் என்ற பெயர் யாருக்கு? மூல உயிரியே இல்லாத நிலையில் எந்தக் கிளையும் அதற்கு உரிமை கோரலாம். சில ஆண்டுகள் எல்லோரும் ‘விரிந்த பொருளில்’ என்ற அடைமொழியை ஒட்டி எழுதிச் சமாளித்தனர். 2018இல் நாவா முதலியோர் பிரான்சின் மான்பெலியே நகரில் ஒரு நாயிடமிருந்து எடுத்த உண்ணியைப் புதிய வகைமாதிரியாக நிறுவி, பெயரை மிதவெப்பக் கிளைக்கு உரியதாக்கினர். அதன் டி.என்.ஏ. வரிசையையும் சேர்த்தே வெளியிட்டது அறிவார்ந்த செயல். லத்ரேயின் வருணனையால் நேர்ந்த குழப்பம் இனி நேராது. வெப்பமண்டலக் கிளை அப்போது பெயரற்று நின்றது. ஸ்லாபெட்டாவும் உடன் ஆய்வாளர்களும் 2021, 2022 ஆய்வுகளில் ஔதுவானின் மறந்துபோன பெயரை மீட்டு, அதை ரிப்பிசெஃபாலஸ் லின்னேயி ஆக்கினர். தென்கிழக்கு ஐரோப்பாவின் தனிக் கிளை ஒன்றுக்கு, கோக் எப்போதோ இட்ட ருட்டிலஸ் என்ற பெயர் திரும்பியது. 2024இல் ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து ஹிபெரிகஸ் புதிய இனமாக வருணிக்கப்பட்டது.

பெயர்ச் சண்டை என்று இதைத் தள்ளிவிட முடியாது. நாய்களின் வெள்ளணுக்களைத் தாக்கும் எர்லிகியா கேனிஸ் 1935இல் அல்ஜீரியாவில் கண்டறியப்பட்டது. 2015இல் வெளியான பிரேசில் ஆய்வொன்றில் வெப்பமண்டலக் கிளை உண்ணிகள் அதைப் பரப்பின. தென்கோடி அமெரிக்காவின் மிதவெப்பக் கிளை உண்ணிகள் பரப்பவில்லை. அர்ஜென்டினா, உருகுவே போன்ற இடங்களில் உண்ணி மிகுந்தும் இந்நோய் அரிதாக இருந்ததற்கு இது நல்ல விளக்கம். ஆஸ்திரேலியாவில் வெப்பமண்டலக் கிளை நெடுங்காலமாக இருந்தது, கிருமி மட்டும் இல்லை. 2020இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதி நாய்களில் அது கண்டறியப்பட்டபின், கடத்தி ஏற்கெனவே தயாராக இருந்த நிலப்பரப்பில் நோய் வேகமாகப் பரவியது. அமெரிக்காவின் அரிசோனாவில் 2003 முதல் பழங்குடி நிலங்களில் மனிதரைக் கொன்ற ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சலுக்கும் நாய் உண்ணியே கடத்தி.

பொதுத் தரவுத்தளங்களில் இன்னும் ஆயிரக்கணக்கான வரிசைகள் ‘சாங்குனியஸ்’ என்ற பழைய பெயரிலேயே கிடக்கின்றன. அவற்றுள் வெப்பமண்டல நாடுகளிலிருந்து வந்தவற்றில் பல உண்மையில் லின்னேயி. தரவுத்தளம் சொல்லும் பெயரை அப்படியே எடுத்தெழுதும் ஆய்வகம் தவறிவிடும் வாய்ப்பு மிகுதி. மான்பெலியே மாதிரியின் வரிசையோடும் லின்னேயியின் மேற்கோள் வரிசையோடும் ஒப்பிட்டு முடிவுசெய்வதே இப்போது ஏற்கப்பட்ட நடைமுறை. 2018க்கு முந்தைய கட்டுரைகளைப் படிக்கும்போது, உண்ணி எந்த ஊரில் பிடிக்கப்பட்டது என்பதையும் பார்த்துத்தான் அது எந்த இனம் என்று ஊகிக்க முடியும்.