வாசலுக்கு வந்த பண்டங்கள்

கைபேசியைத் தட்டினால் சாப்பாடு வாசலுக்கு வருவதை இன்றைய மாணவத் தம்பி, தங்கைகள் பெரிய புதுமையாகச் சொல்கிறார்கள். நம்ம திருத்தணிக்கு அது புதுசே இல்லீங்க!

நான் பையனாக இருந்த அறுபதுகளில் எங்கள் வீட்டார் கடைக்குப் போனதுதான் குறைவு. தயிர்க்காரம்மா "தயிரு... பெருகு" என்று தமிழிலும் தெலுங்கிலும் குரல் கொடுத்துக்கொண்டே வருவார். உழக்கால் அளந்து ஊற்றிவிட்டு வாசல் சுவரில் கரியால் ஒரு கோடு போடுவார். மாதம் பிறந்ததும் கோடுகளை எண்ணிக் காசு. நெசவுக்கார வீடுகளில் கூலி வரும்வரை கோடு நீண்டுகொண்டே போகும். அந்தம்மா பார்த்தும் பாராத மாதிரி அடுத்த வாசலுக்குப் போய்விடுவார். 1962-ல் கிலோ கட்டாயமான பிறகும் எங்கள் பாட்டிக்குக் கத்தரிக்காய் 'அரை வீசை'தான்.

அரிசி கதை வேறு. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சித்தூர் மாவட்டத்திலிருந்து நாம் தமிழகத்துக்கு வந்தோம். பொன்பாடியைத் தாண்டினால் ஆந்திரா என்றாகிவிட்டது. அப்போதும் அரிசிக்கு எல்லை கிடையாது. தென் மாநிலங்கள் ஒரே மண்டலம். 1964-ல் அந்த மண்டலத்தைக் கலைத்து மாநிலத்துக்கு மாநிலம் தடை போட்டார்கள். உறவுக்காரர் நகரியிலிருந்து கொண்டுவரும் அரிசி மூட்டைக்குத் திடீரென்று 'கடத்தல்' என்று பெயர். ரயில் சீட்டுக்கு அடியில் மூட்டையைத் தள்ளி அதன்மேல் காலை நீட்டிக்கொண்டு வந்தவர்களின் கதையைப் பெரியவர்கள் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், 2011 ஜூனில் இங்கே ரேஷன் அரிசி இலவசமானது. இப்போது மூட்டை எதிர்த்திசையில் போய் அதிகாரிகளிடம் பிடிபடுகிறது!

எழுபதுகளில் ரேஷன் கடை வரிசை, பிறகு பாக்கெட் பால், அப்புறம் பெரிய கடைகள் என்று வாசல் வியாபாரம் மெல்லத் தேய்ந்தது. 2021 மே ஊரடங்கில் அரசே வண்டியில் காய்கறி அனுப்பியபோதுதான் மறுபடி தெருவில் கூவும் குரல் கேட்டது.

எல்லைக்கு அந்தப் பக்கம் இதில் முந்திக்கொண்டார்கள். 2021 ஜனவரியில் ஆந்திர அரசு 9,260 வண்டிகளை விட்டு ரேஷனை வீதிக்கே கொண்டுபோனது. 2025 ஜூன் முதல் அதை நிறுத்திக் கடைக்கே திரும்பினார்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மட்டும் வீட்டுக்குப் போகிறது. அடுத்த இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 12-ஆம் தேதி, தமிழகத்தில் 'தாயுமானவர்' திட்டம் வந்தது. அப்போது 70 வயதுக்கு மேற்பட்டோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தராசோடும் மின்னணுக் கருவியோடும் வண்டி வீடு தேடி வரும் என்றார்கள். முழங்கால் வலியோடு பையைத் தூக்கிக்கொண்டு மேட்டுத் தெரு ஏறும் கிழவிக்கு இது சின்ன விஷயமில்லை. என் வயதுக்காரர்களைக் கேட்டால் தெரியும்!

கரிக்கோட்டுக் கணக்குத்தான் திரும்பவில்லை. கூலி வராத வாரத்தில் எந்தச் செயலி "அப்புறம் கொடுங்க" என்று சொல்லும்? நெசவாளி அந்த வாரத்தில் யாரைக் கேட்பார்? மாணவர்கள் யாராவது நம் நெசவுத் தெருக்களில் நாலு வீடு ஏறி விசாரித்து எழுதினால், அடுத்த மலரில் முதல் பக்கம் அவர்களுக்கே தரலாம்.