ஒரே தண்டில் அடங்கிய அப்சோர்பர்

பழைய புரோட்டோன் சாகா ஓட்டும் வீடுகளில் ஒரு சந்தேகம் அடிக்கடி எழுவதுண்டு. "அப்சோர்பரில் எண்ணெய் ஒழுகுது, அதை மட்டும் மாற்றுங்கன்னா, ஸ்பிரிங், மவுண்டிங் எல்லாத்தையும் கழற்றணும்னு போமென் சொல்றாரே, காசு பிடுங்கத்தானே?" நேயர்களே, இதற்கு விடை பட்டறையில் இல்லை, 1940களின் அமெரிக்காவில் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1,000 டாலருக்குள் ஒரு சிறிய செவர்லே காரைக் கொண்டுவரத் திட்டமிட்டது. 'கேடட்' என்பது அதன் பெயர். பொறுப்பேற்ற பொறியாளர் ஏர்ல் மேக்பெர்சன். அக்காலக் கார்களில் முன்சக்கரத்தைப் பிடிக்க மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம். ஸ்பிரிங் தனி, அப்சோர்பர் தனி. அவரோ மேல் ஆர்மையே தூக்கிவிட்டார். நீண்ட குழாய் வடிவ அப்சோர்பரைச் சுற்றி ஸ்பிரிங்கை மாட்டி, மேல்முனையை வண்டியின் உடலோடும் கீழ்முனையைச் சக்கரத்தோடும் இணைத்தார். அதிர்வைத் தாங்கிய அதே தண்டு சக்கரத்தையும் நிமிர்த்திப் பிடித்தது. ஸ்டீயரிங் திரும்பும்போது தானும் திரும்பியது.

இது முழுக்க அவர் கற்பனை என்று சொல்ல முடியாது. இத்தாலியில் ஃபியட்டின் குயிதோ ஃபோர்னாக்கா 1920களிலேயே இதுபோன்ற ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால், மலிவாகப் பெருவாரியாகச் செய்யும் வழியைக் காட்டிய பெருமை மேக்பெர்சனுக்கே உரியது.

கேடட் சாலைக்கு வரவேயில்லை. 1947இல் திட்டம் கைவிடப்பட, அவர் ஃபோர்டுக்குப் போனார். 1950இல் இங்கிலாந்து ஃபோர்டு அறிமுகப்படுத்திய கான்சல், செஃபிர் கார்களில் அந்தத் தண்டு இடம்பெற்றது. அந்த வரிசை ஃபோர்டு கார்கள் மலாயா சாலைகளிலும் ஓடியவைதான். மேக்பெர்சன் 1960இல் காலமானார்.

முன்சக்கர இயக்கமும் குறுக்காக வைத்த இயந்திரமும் பரவியபோதுதான் இந்த அமைப்பின் அருமை தெரிந்தது. மேல் ஆர்ம் இல்லாததால் இயந்திரத்துக்கு இடம் கிடைத்தது, செலவும் குறைந்தது. மிட்சுபிஷி லான்சரை அடிப்படையாகக் கொண்டு 1985இல் வந்த சாகாவிலும், 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலிலும் முன்புறம் இதே தண்டுதான். சாதாரணக் குடும்பத்துக்கு ஒரு கார் என்ற அந்த அமெரிக்கக் கனவு, ஒரு வகையில் ஷா ஆலாமில் பலித்தது எனலாம்.

சிங்கப்பூரில் 1990இல் வந்த சிஓஇ முறையால் பத்தாண்டு கடந்த கார்களை வைத்திருப்பது செலவான காரியம். மலேசியாவில் நிலைமை வேறு. தந்தை ஓட்டிய சாகாவை மகன் ஓட்டுவது இங்கே அதிசயமில்லை. சாலை மேடுகளில் ஏறி இறங்கியே அப்சோர்பரின் சீல் தேயும், எண்ணெய் கசியும், ரப்பர் புஷ்கள் வெடிக்கும். மேட்டைத் தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை குதிக்கும்; பிரேக் போட்டால் மூக்கு தாழும்; டயர் மேடும் பள்ளமுமாகத் தேயும். மழைநாள் நெடுஞ்சாலையில் டயர் ஒரு கணம் தரையை விட்டாலும் பிரேக் பிடிக்காது. பின் இருக்கையில் பிள்ளைகள் இருக்கும் வண்டி என்றால் தள்ளிப்போடக் கூடாத வேலை இது.

ஆக, போமென் சொல்வது நியாயம்தான். ஸ்பிரிங்கைக் கழற்றாமல் அந்த அப்சோர்பரை வெளியே எடுக்க வழியில்லை. தண்டை வண்டியிலிருந்து இறக்கிய பிறகும் ஸ்பிரிங் அழுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கும். அதை அமுக்கிப் பிடிக்கும் கருவியை மாட்டாமல் உச்சி நட்டைத் திறந்தால், ஆளையே கொல்லும் வேகத்தில் தெறிக்கும். யாரோ ஒருவர் வீட்டு வாசலில் செய்ததைப் பார்த்துவிட்டு முயல வேண்டியதல்ல.

இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறு பக்கம் பழையது என்றால் வளைவில் வண்டி ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. எல்லாம் திறந்திருக்கும்போதே மேல் மவுண்டிங்கின் பேரிங், லோவர் ஆர்ம் புஷ், போல் ஜோயின் ஆகியவற்றையும் பார்த்துவிட்டால் இரண்டாவது கூலி மிச்சம். தண்டுதான் சக்கரத்தின் சாய்வைத் தீர்மானிக்கிறது என்பதால், வேலை முடிந்த கையோடு அலைன்மெண்ட் செய்தாக வேண்டும். இல்லையேல் புது டயரின் ஒரு ஓரம் சில மாதங்களிலேயே தேய்ந்துவிடும்.