வன்னிப் பெருநிலத்துக் கம்பங்கள்

இலங்கையில் தந்திச் சேவை 1858ஆம் ஆண்டிலே கொழும்புக்கும் காலிக்கும் இடையே தொடங்கிற்று. 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை நிறைவுற்றபோது, வவுனியா, மாங்குளம், கிளிநொச்சிக் காடுகளினூடே தந்திக் கம்பங்களும் நிரையாய் நின்றன. 1990இல் வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் நின்றது. பின்னர்த் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. கம்பங்களின் கதியை யார் கேட்டார்? 2013 செப்டெம்பரிலேதான் புகையிரதம் மீண்டும் கிளிநொச்சியை அடைந்தது.

இக்காலத்துக் கம்பம் வேறு இனத்தது. உச்சியில் விளக்கு, அதனருகே அலைவாங்கி, உள்ளே வானொலிக் கருவி, அடியில் ஒளியிழை வடம். உயர்ந்த அதிர்வெண் அலை நெடுந்தூரம் செல்லாதாகலின், இவற்றை அண்மை அண்மையாக நாட்டல் வேண்டும். ஆகவே இது நெருங்கிய நகருக்கே ஏற்றது. 2019 யூலையில் யாழ்ப்பாணத்தில் இத்தகைய கம்பங்களை எதிர்த்து மக்கள் மாநகர சபை முன்றலிற் கூடினர். ஐந்தாம் தலைமுறை அலையால் தீங்கு நேரும் என அஞ்சினர். அவை அத்தகையன அல்ல என்று சபைத் தரப்பு மறுத்தது. அவ்வச்சத்தை வெறும் அறியாமை எனத் தள்ளுதல் முறையன்று. தம் வாயிலில் நாட்டப்படுவது யாது என்று முன்னரே விளக்கிக் கூறாமையே சினத்தின் வேர் என்பது எம் கருத்து.

வன்னியின் வழக்கோ நேர்மாறானது. குடிகள் குளந்தோறும் சிதறி வாழும் இந்நிலத்துக்குச் சிறு கம்பம் பயன்படாது, நெடுங்கோபுரமே வேண்டும். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது எம் மாணவர் சிலர், அலை கிடைக்கும் இடந்தேடிக் குளக்கட்டின்மேல் நின்று பாடங் கேட்டனர். மழை வந்தால் அன்றைய பாடம் அவ்வளவே.