தொலைவிலிருந்து கேட்கும் குரல்

பார்வையற்றவருக்குக் கணினியில் முதலில் பழக வேண்டிய புதிய மென்பொருள், திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள்தான்.

2006இல் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் அப்படியொரு திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார், பெயர் என்விடிஏ. ஜேம்ஸ் டேயும் கைகோத்தார். இருவருமே பார்வையற்றவர்கள். விலை கொடுத்து வாங்க இயலாதோரை எண்ணி அதை இலவசமாகவே தந்தார்கள். உதவியும் அதற்குள்ளேயே உண்டு: உள்ளீட்டு உதவியை இயக்கிவிட்டு எந்த விசையைத் தட்டினாலும், அதன் வேலையைக் குரல் சொல்லும்.

அதையும் மீறிச் சிக்கிக்கொண்டால்?

2015இல் வந்த ‘என்விடிஏ ரிமோட்’ என்ற துணைநிரல் அந்தக் குறையைத் தீர்த்தது. உதவுபவர் இணையம் வழியே மற்றவரின் கணினியை இயக்கலாம்; அங்கே திரைவாசிப்பான் பேசுவதை இங்கே கேட்கலாம். வந்து சேர்வது படமல்ல, பேச்சு. அதனால் உதவுபவரும் பார்வையற்றவராக இருக்க முடிந்தது.

2025இல் இந்த வசதி என்விடிஏவுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது.