உரக்கடைக்கு வந்த பழுப்பு நிலக்கரி

சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கம் உரக்கடைகளில் 'ஹியூமிக்' என்று கேட்டால் கடுங்காப்பி நிறத்தில் ஒரு பாட்டிலை எடுத்து வைப்பார்கள். பருத்திக்கும் மிளகாய்க்கும் நன்றாக வேர் ஓடும் என்பார்கள். மண்ணின் சத்து என்று விற்கப்படும் இந்தச் சரக்கு பெரும்பாலும் மண்ணிலிருந்து வந்ததே இல்லை.

இதன் பிறப்பிடம் பழுப்பு நிலக்கரி. நெய்வேலியில் கிடைப்பது அந்த இனம்தான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சதுப்பில் புதைந்த மரங்கள், முழுக் கரியாக முற்றாமல் பாதியில் நின்றவை. அதைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தில் ஊறவைத்தால் கறுப்புச் சாறு இறங்கும். சாற்றில் அமிலம் விட்டால் அடியில் படிவது ஹியூமிக் அமிலம்; படியாமல் மஞ்சளாக நிற்பது ஃபுல்விக் அமிலம்; காரத்துக்கே அசையாமல் கிடப்பது ஹியூமின்.

காரம் ஊற்றிப் பிரிக்கும் இந்த வித்தையை 1786-லேயே ஜெர்மானியர் ஃபிரான்ஸ் கார்ல் ஆஹார்ட் செய்துவிட்டார். பீட் கிழங்கிலிருந்து ஆலை வைத்துச் சர்க்கரை எடுத்தவரும் அவர்தான். பின்னால் வந்தவர்கள் அந்தக் கறுப்புக்கு உருவம் தேடினார்கள். செடியின் லிக்னினும் நுண்ணுயிர்ப் புரதமும் சேர்ந்து உண்டாவது என்றார் செல்மன் வாக்ஸ்மன்; ஸ்ட்ரெப்டோமைசினுக்காக 1952-இல் நோபல் வாங்கியவர். பென்சீன் வளையங்களைக் கோத்து, ஓரமெல்லாம் கார்பாக்சில், ஃபீனால் தொகுதிகளைத் தொங்கவிட்டு, பெரிய பெரிய மூலக்கூறுகளைப் பாடநூல்கள் வரைந்தன. ஆனால் ஒரே வாய்பாடு என்று ஒன்று கடைசிவரை சிக்கவில்லை.

2015-இல் 'நேச்சர்' இதழில் மண்ணியலாளர்கள் லேமனும் கிளேபரும் அடிமடியிலேயே கை வைத்தார்கள். அந்த ராட்சத மூலக்கூறுகள் மண்ணில் இருப்பதற்கே சான்று இல்லை, காரம் ஊற்றுவதால் கிடைக்கும் கலவை அது. மண்ணில் இருப்பவை செடியும் நுண்ணுயிரும் சிதைந்த துணுக்குகள்தான் என்றார்கள். ஒப்பாத வேதியியலாளர்களும் உண்டு, வழக்கு இன்னும் முடியவில்லை. எனக்கு லேமன், கிளேபர் பக்கமே நியாயம் படுகிறது.

காரணம், கரிசல். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிற மண் இது. சோளத்தட்டைத் தூரும் ஆட்டுப்புழுக்கையும் வெடிப்புக்குள் விழும். ஐப்பசி மழையில் மண் ஊதி மூடிக்கொள்ளும். உள்ளே துணுக்குகள் களியோடு ஒட்டிக்கொள்கின்றன. இரண்டுக்கும் எதிர்மின்னூட்டம், நடுவே பாலம் போடுவது சுக்கான்கல்லிலிருந்து வரும் கால்சியம். (இதே கால்சியம்தான், உப்புத்தண்ணீரில் கலந்த ஹியூமிக்கைத் திரித்து, தெளிப்பானை அடைப்பதும்.) இப்படி ஒட்டியது எளிதில் அழியாது. இந்தச் சேர்க்கை மண்ணையே கறுப்பாகக் காட்டுவதால் சத்து ஏராளம் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் மானாவாரிக் கரிசலில் கரிமம் பல இடங்களில் அரை சதவீதம்கூடத் தேறாது. சிவகாசியில் பட்டாசு காய வாகான அந்த வெயிலே, ஒட்டாமல் கிடக்கும் மட்கைச் சீக்கிரம் கரியமில வாயுவாக்கிவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கரில் அரையடி ஆழத்து மண் சுமார் 9 லட்சம் கிலோ. அரை சதவீதம் என்றாலும் 4,500 கிலோ கரிமம். 12 சதவீத ஹியூமிக் ஒரு லிட்டரில் இருப்பது 120 கிராம். வேரைத் தூண்ட அது போதலாம். மண்ணை வளர்க்கக் காணாது. பாட்டில் வாங்குகிறவர்கள் வாங்குங்கள். ஆனால் ஆட்டுக்கிடைக்கும் கண்மாய்க் கரம்பைக்கும் ஒதுக்கிய காசில் கை வைத்து வாங்காதீர்கள்.